நடுவரின் காதில் என்ன கேட்கிறது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் உதவி நடுவரின் கொடி அசைவுகளைப் பற்றி எழுதும்போது, "இப்போதெல்லாம் கொடி உயர்வதற்கு முன்பே காதுக்குச் செய்தி வந்துவிடுகிறது" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கால்பந்து மைதானத்தில் நடுவராகவும் உதவி நடுவராகவும் 24 வருடம் ஓடியவன் நான். அதில் கடைசி 11 வருடம், நடுவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஹெட்செட் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு ஓடினேன். எனக்கும் இதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே.

டிவியில் பார்த்தால் நடுவர் தனக்குத்தானே பேசிக்கொண்டு ஓடுவது போல இருக்கிறது. யாரோடு பேசுகிறார்? அவர் பேசுவது எல்லோருக்கும் கேட்குமா?
– பள்ளி ஆசிரியை ஒருவர்

மூன்று பேரோடு பேசுகிறார். பக்கக் கோடுகளில் கொடியோடு ஓடும் இரண்டு உதவி நடுவர்கள், இரண்டு அணிகளின் பயிற்சியாளர்களுக்கு நடுவே நிற்கும் நான்காவது நடுவர். பெரிய போட்டிகளில், தனி அறையில் திரையைப் பார்த்துத் தீர்ப்புகளைச் சரிபார்க்கும் வீடியோ நடுவரும் சேர்ந்துகொள்வார். காதுக்குள் ஒரு சின்ன இயர்பீஸ், கன்னத்தை ஒட்டி வாயோரம் வரை வரும் மைக், புஜத்திலோ முதுகிலோ பட்டையால் கட்டிய, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பெட்டி. கருவி அவ்வளவுதான்.

நல்ல கருவியில் பேசுவதற்குப் பொத்தானை அமுக்க வேண்டியதில்லை. எல்லா மைக்கும் திறந்தே இருக்கும். ஒருவர் பேசும்போதே இன்னொருவரும் பேசலாம். அதனால் வார்த்தை மட்டும் வருவதில்லை. முதன்முதலில் மாட்டிக்கொண்ட அன்று என்னைத் திடுக்கிட வைத்தது உதவி நடுவரின் மூச்சுதான். அறுபது எழுபது மீட்டர் தள்ளி ஓடுகிறவருக்கு இரைக்கிறது, எனக்குக் காதுக்குள் கேட்கிறது. நாலைந்து ஆட்டத்துக்குப் பிறகு அந்த மூச்சே எனக்குத் தகவலாகிவிட்டது. திடீரென்று வேகமெடுத்தால், அந்தப் பக்கம் யாரோ பந்தோடு கிளம்பிவிட்டார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே தெரியும்.

வீடியோ நடுவர் விஷயம் கொஞ்சம் வேறு. மைதானத்தில் பேசுவது முழுவதும் அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். அவர் பேசுவது, பொத்தானை அமுக்கினால் மட்டுமே மைதானத்துக்குப் போகும். தன் அறையில் உதவியாளரோடும் திரையை இயக்குபவரோடும் அவர் பேசுவது அத்தனையும் ஓடுகிறவரின் காதில் கொட்டினால் அந்த மனிதர் எப்படி ஆட்டத்தைப் பார்ப்பார்?

ஹெட்செட் இல்லாமல் நடத்திய ஆட்டம் செல்லாது என்று எங்கள் ஊர் அணி ஒன்று புகார் கொடுத்திருக்கிறது. விதிப்படி அது கட்டாயமா?
– போட்டி அமைப்பாளர்

இல்லை. நடுவரிடம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று கால்பந்து விதிகளில் விதி 5 சொல்வது விசில், கைக்கடிகாரம், மஞ்சள் சிவப்பு அட்டைகள், குறிப்பேடு மட்டும்தான். ஹெட்செட், பீப் கொடி போன்றவை 'அனுமதிக்கப்படலாம்' என்ற வரிசையில் வருகின்றன. புகாரில் சாரமில்லை.

பீப் கொடி என்றால் என்ன என்று வேறு இருவர் கேட்டிருக்கிறார்கள். உதவி நடுவரின் கொடிக் கைப்பிடியில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் நடுவர் புஜத்தில் கட்டியிருக்கும் பெட்டி அதிர்ந்து, 'பீப்' என்று சத்தம் போடும். ஹெட்செட் வருவதற்கு முன்பே வந்தது, இன்றும் இருக்கிறது. "இங்கே பார்" என்று தோளைத் தட்டுவது போல. அதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. அதுதான் அதன் நல்ல குணமும்கூட, தவறாகக் காதில் விழ அதில் வார்த்தையே இல்லை.

உலகக் கோப்பையில் ஹெட்செட் எப்போது வந்தது சார்? அதனால் ஏதாவது பெரிய தீர்ப்பு வந்திருக்கிறதா?
– கல்லூரி மாணவர்

2006, ஜெர்மனி. பெரிய தீர்ப்பா? அந்தத் தொடரின் இறுதி ஆட்டத்திலேயே வந்தது, தம்பி.

ஜூலை 9, பெர்லின். பிரான்ஸும் இத்தாலியும் 1-1. கூடுதல் நேரத்தில் 110-வது நிமிடம். பந்து வேறொரு பக்கம் போய்விட்டது, நடுவர் ஒராசியோ எலிசோண்டோவின் கண்ணும் பந்தோடு போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் இத்தாலியின் மாட்டராஸி தரையில் கிடக்கிறார். என்ன நடந்தது என்று ஹெட்செட்டில் கேட்கிறார். உதவி நடுவர் பார்க்கவில்லை. அப்போது நான்காவது நடுவர், ஸ்பெயினைச் சேர்ந்த லூயிஸ் மெடினா காந்தலெஹோ, தான் பார்த்ததைச் சொல்கிறார்: பிரான்ஸின் ஜிடான் தலையால் மாட்டராஸியின் மார்பில் முட்டினார். சிவப்பு அட்டை. ஜிடானுக்கு அதுதான் கடைசி ஆட்டம்.

நான்காவது நடுவர் என்றால் ஆள் மாற்றும் பலகையைத் தூக்கிக் காட்டுபவர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பந்து இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும். அன்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஹெட்செட் இல்லாவிட்டாலும் ஓடிவந்து சொல்லியிருப்பார்தான். ஆனால் இரண்டு அணியும் சூழ்ந்துகொண்டு கத்தும் நேரத்தில், யாருக்கும் தெரியாமல் நடுவரின் காதுக்குள் ஒரு வாக்கியம் சொல்ல முடிவது எவ்வளவு பெரிய பலம் என்பது அந்த இடத்தில் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

நாங்கள் நான்கு நண்பர்கள் சேர்ந்து சின்னப் போட்டிகளுக்கு நடுவர்களாகப் போகிறோம். சாதாரண வாக்கி டாக்கி போதுமா, ப்ளூடூத் ஹெட்செட் வாங்கலாமா?
– புதிய நடுவர்கள் நால்வர்

சாதாரண வாக்கி டாக்கியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், பொத்தானை அமுக்கித்தான் பேச வேண்டும். உதவி நடுவரின் ஒரு கையில் கொடி. நடுவரின் கையில் விசில். முழு ஓட்டத்தில் இடுப்பில் இருக்கும் பொத்தானைத் தேடிப் பாருங்கள், சொல்ல வந்தது அதற்குள் பழங்கதையாகிவிடும். சரி, குரல் கேட்டால் தானாகத் திறக்கும் வசதி இருக்கிறதே என்பீர்கள். அது சத்தத்தைக் கேட்ட பிறகுதான் திறக்கும். முதல் அசையைத் தின்றுவிடும். "ஆஃப்சைடு" என்றால் "சைடு" மட்டும் வரும். காற்றடித்தாலும் திறந்துகொள்ளும். ஒரு தடவை எங்கள் உதவி நடுவர் ஒருவரின் மைக் காற்றுக்குத் திறந்து அப்படியே நின்றுவிட்டது. வேறு யாரும் பேச வழியில்லை. இரண்டாம் பாதி முழுவதும் எங்கள் காதில் 'உஸ்ஸ்' என்ற சத்தம் மட்டும்தான்.

எனவே எல்லோரும் ஒரே நேரத்தில் பேசக்கூடிய கருவியாக இருக்கட்டும். மோட்டார் சைக்கிளில் கூட்டமாகப் போகிறவர்களுக்காக வந்த ப்ளூடூத் இன்டர்காம்களின் வழியில், இப்போது நடுவர்களுக்கென்றே சில வருகின்றன. பெட்டியின் மேல் போட்டிருக்கும் தூரத்தை அப்படியே நம்பாதீர்கள். அது நடுவில் எதுவுமே இல்லாத வெட்டவெளிக் கணக்கு. 105-க்கு 68 மீட்டர் மைதானத்தில் மூலைக்கு மூலை 125 மீட்டர். நடுவில் இருபத்திரண்டு ஆட்டக்காரர்கள். அதைவிட முக்கியம், உங்கள் சொந்த உடம்பு. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். ப்ளூடூத் வேலை செய்யும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். பெட்டியை நெஞ்சில் மாட்டிக்கொண்டு முதுகைக் காட்டி ஓடினால் உங்கள் உடம்பே சுவர். ஐரோப்பாவில் நடுவர்களுக்காகச் செய்த சில கருவிகள் 860 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய, தாழ்ந்த அலைவரிசையில் ஓடுவதால் இந்தத் தொல்லை குறைவு. எதை வாங்கினாலும் தோளுக்குப் பக்கத்தில், உயரமாகக் கட்டுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. இருவர் எதிரெதிர் மூலைக் கொடிகளுக்குப் போய், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி நில்லுங்கள். ஒருவர் ஒன்று முதல் இருபது வரை சாதாரணக் குரலில் எண்ணட்டும். மற்றவருக்கு இருபதும் கேட்க வேண்டும். பதினேழு கேட்டால் போதாதா என்று கேட்காதீர்கள். கேட்காமல் போன மூன்றில் எது பெனால்டியோ?

எந்த அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். வெளிநாட்டிலிருந்து யாரோ வாங்கிவந்த கருவியை அப்படியே போட்டுக்கொள்ளாதீர்கள். உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, திறந்த அலைவரிசையில் பேசினால் அதே மாதிரி வாக்கி டாக்கி வைத்திருக்கும் யாரும் கேட்கலாம், அணியின் பெஞ்சில் இருப்பவர்கள் உட்பட.

மைக்குக்குப் பஞ்சு உறை போடுங்கள். வயரைச் சட்டைக்குள் விட்டுக் கழுத்துக்குப் பின்னால் டேப் ஒட்டுங்கள். வியர்வையில் மைக் வழுகிக் கீழே இறங்கும். கன்னத்திலும் ஒரு டேப். மட்டமான கருவி மட்டும் வேண்டாம். கருவியே இல்லையென்றால் கண்ணை நம்பி ஓடுவீர்கள். பாதி வேலை செய்யும் கருவி காதில் இருந்தால், கண்ணையும் முழுதாக நம்ப மாட்டீர்கள்.

ஹெட்செட்டில் பேசத் தனி மொழி உண்டா? பயிற்சியில் 'சுருக்கமாகப் பேசு' என்று மட்டும் சொல்லிவிட்டார்கள்.
– உதவி நடுவர் பயிற்சியில் இருப்பவர்

வந்த கேள்விகளிலேயே எனக்கு நெருக்கமானது இது. காரணம், சுருக்கமாகப் பேசித்தான் நாங்கள் ஒரு ஆட்டத்தைக் கெடுத்தோம்.

மழை பெய்து விட்டிருந்த சாயங்காலம். 1-1. எழுபது நிமிடம் தாண்டிவிட்டது. பெனால்டி பகுதிக்குள் முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவர் விழுந்தார். எனக்கு முன்னால் தடுப்பாட்டக்காரர்கள் இருவரின் முதுகு. காலில் கால் பட்டதா இல்லையா என்று தெரியவில்லை. உதவி நடுவருக்கு நேர் பார்வை. அவர் குரல் காதில் வந்தது: "பெனால்டி". விசில் ஊதிப் புள்ளியைக் காட்டினேன். கோல். 2-1. ஆட்டமும் அப்படியே முடிந்தது.

உடை மாற்றும் அறையில் ஈரக் காலுறையைக் கழற்றிக்கொண்டே, "நல்ல பார்வை தம்பி. நீ சொல்லாவிட்டால் நான் விட்டிருப்பேன்" என்றேன். அவர் என்னையே பார்த்தார். "அண்ணா, நான் பெனால்டி இல்லைன்னுதானே சொன்னேன்?"

"இல்லை" என்ற சொல் கூட்டத்தின் கத்தலில் போய்விட்டது, அல்லது என் விசிலிலேயே போய்விட்டது. நான் அவர் கொடுத்தார் என்று நினைத்தேன். அவர், தான் பார்க்காத எதையோ நான் பார்த்துவிட்டேன் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டார். புள்ளியில் பந்தை வைத்து உதைக்கும்வரை ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தது. ஆட்டம் மறுபடி தொடங்கும்வரை தீர்ப்பை மாற்ற விதி இடம் கொடுக்கிறது. அந்த ஒரு நிமிடத்தில் யாராவது ஒருவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தோற்ற அணியின் கேப்டனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே இருந்தார்.

தமிழில் மறுப்பு கடைசியில்தான் வரும். பெனால்டி இல்லை, ஃபவுல் இல்லை, ஆஃப்சைடு இல்லை. நடுவரின் கை விசிலுக்குப் போக முதல் சொல்லே போதும். ஆங்கிலத்தில் மறுப்பு முன்னால் வரும். அங்கே தலை அறுந்தால் இதே ஆபத்து. அதனால் பல நாட்டு நடுவர்கள் வைத்திருக்கும் வழக்கம் இது: தண்டனைக்கு உரிய சொல்லைத் தண்டனை உண்டென்றால் மட்டுமே வாயில் எடுப்பது. அன்றிலிருந்து எங்கள் குழுவில் "இல்லை" என்ற சொல்லே கிடையாது. தண்டனை இல்லாவிட்டால் "ஆடட்டும், ஆடட்டும்" என்று இரண்டு தடவை. ஆஃப்சைடா என்று பார்த்துக்கொண்டிருந்தால் "பொறு, பொறு". "ஆன்சைடு" என்ற சொல்லையும் விலக்கிவிட்டோம். ஓடும்போது அதற்கும் "ஆஃப்சைடு"க்கும் காதில் வித்தியாசமே தெரியாது.

அட்டை கொடுக்கச் சொல்வதானால் முதலில் அணியின் நிறம், பிறகு எண், பிறகு அட்டை. "நீலம், எட்டு, மஞ்சள்." ஒரு அணியே மஞ்சள் சட்டை போட்டிருந்தால் என்ன செய்வது? அன்று மட்டும் 'எச்சரிக்கை', 'வெளியே' என்ற சொற்கள். இதை ஆட்டத்துக்கு முன்பே பேசிவைக்க வேண்டும். கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்: "நீலம், எட்டு, மஞ்சள்." திருப்பிச் சொல்லும்வரை தகவல் போய்ச் சேரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இது சின்ன மைதானத்துப் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். 2023 செப்டம்பர் 30, இங்கிலாந்து பிரீமியர் லீக், டாட்டன்ஹாமும் லிவர்பூலும். லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோலுக்கு மைதானத்தில் ஆஃப்சைடு கொடுத்து, கோல் இல்லை என்றார்கள். வீடியோ நடுவர் பார்த்தார். ஆஃப்சைடு இல்லை என்பது திரையில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதனால் "சரிபார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது" என்ற பொருளில் சொல்லிவிட்டார். கீழே இருந்தவர்கள் ஆஃப்சைடு சரி என்று எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். சில நொடிகளில் திரையை இயக்குபவருக்குத்தான் முதலில் உறைத்தது. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டதால் திரும்பிப் போக வழியில்லை. லிவர்பூல் 2-1 எனத் தோற்றது. மூன்று நாளில் அந்தப் பேச்சின் ஒலிப்பதிவையே வெளியிட்டார்கள். நான் அதைப் பலமுறை கேட்டேன். கருவியில் ஒரு குறையும் இல்லை. குரல்கள் கண்ணாடி போலத் தெளிவு. "கோல். ஆஃப்சைடு தீர்ப்பை மாற்றுங்கள்" என்று முடிவையே பெயர் சொல்லிச் சொல்லியிருந்தால் போதும். "சரி" என்றால் எது சரி? என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நான் போட்டுக் காட்டும் முதல் ஒலிப்பதிவு அதுதான்.

வீடியோ நடுவர் இல்லாத போட்டிகளில், பக்கத்தில் ஓடும் டிவியைப் பார்த்து நான்காவது நடுவர் ஹெட்செட்டில் சொல்லிவிடலாமே?
– ரசிகர்

கூடாது. வீடியோ முறை இல்லாத போட்டியில், கண்ணால் பார்த்ததை மட்டுமே சொல்லலாம். இந்தச் சந்தேகம் உலக அளவில் எழுந்தது 2009 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையில். பிரேசிலும் எகிப்தும் 3-3 என்றிருந்தபோது, கடைசி நிமிடங்களில் கோல் கோட்டில் நின்ற எகிப்து ஆட்டக்காரரின் கையில் பந்து பட்டது. நடுவர் ஹோவர்ட் வெப் முதலில் கார்னர் என்றார். சற்று நேரத்தில் பெனால்டி, சிவப்பு அட்டை என்று மாற்றினார். பிரேசிலின் ககா அடித்து 4-3. டிவி பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று எகிப்து புகார் செய்தது. வீடியோ பார்க்கவில்லை என்று ஃபிஃபா மறுத்தது. தீர்ப்பு என்னவோ சரியானதுதான், பந்து கையில்தான் பட்டது. ஆனாலும் ஹெட்செட்டில் வந்த குரல் வெளியே யாருக்கும் கேட்காததால், அது எங்கிருந்து வந்தது என்ற சந்தேகம் வந்துவிட்டது. எனவேதான் சொல்கிறேன், நான்காவது நடுவராக நிற்கும் நாளில் டிவி இருக்கும் பக்கமே திரும்பாதீர்கள்.

நான் உதவி நடுவர், வயது 22. சீனியர் நடுவர் ஒருவர் "நான் கேட்டால் மட்டும் பேசு" என்று சொல்லிவிட்டார். ஆட்டத்தில் தெளிவாகப் பார்த்ததைக்கூடச் சொல்லப் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும் சார்?
– வாசகி ஒருவர்

சொல்லுங்கள். பயத்தோடவே சொல்லுங்கள்.

உங்களுக்கு ஒரு ஆட்டத்தை நினைவுபடுத்துகிறேன். அதே 2006 உலகக் கோப்பை, ஜூன் 22, ஸ்டுட்கார்ட், குரோஷியாவும் ஆஸ்திரேலியாவும். நடுவர் இங்கிலாந்தின் கிரஹாம் போல், அந்தக் காலத்தின் தலைசிறந்த நடுவர்களில் ஒருவர். குரோஷியாவின் ஷிமுனிச்சுக்கு 61-வது நிமிடத்தில் மஞ்சள் அட்டை. 90-வது நிமிடத்தில் இன்னொன்று. அதை நடுவர் கிரஹாம் போல் தன் குறிப்பேட்டில் ஆஸ்திரேலியாவின் 3-ஆம் எண் ஆட்டக்காரர் பெயரில் எழுதிவிட்டார்; ஷிமுனிச்சுக்கும் எண் 3. இரண்டு மஞ்சள் வாங்கியவர் வெளியே போகாமல் ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டத்தின் முடிவில் மூன்றாவது மஞ்சள் காட்டிய பிறகுதான் சிவப்பு வந்தது. காதில் கருவியோடு ஒரு குழுவே அன்று மைதானத்தில் இருந்தது. "அவருக்கு இது இரண்டாவது" என்ற மூன்று சொற்கள் யாரிடமிருந்தும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. போல் பிறகு அது தன் தவறு என்று ஒப்புக்கொண்டு, சர்வதேசத் தொடர்களிலிருந்து விலகிக்கொண்டார். அவரை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது. குழுவில் ஒரு குரல் அவரைக் காப்பாற்றியிருக்கும்.

எனவே அடுத்த ஆட்டத்துக்கு முன் அந்த சீனியரிடம் நீங்களே பேச்சைத் தொடங்குங்கள். "சார், என் பக்கத்து மூலையில் ஃபவுல் நடந்தால் நான் முதலில் சொல்லட்டுமா? பெனால்டி பகுதிக்குள் என்றால் நீங்கள் கேட்கும்வரை காத்திருக்கட்டுமா? ஒருவருக்கு இரண்டாவது மஞ்சள் என்றால் கேட்காமலே சொல்லலாமா?" இப்படி இடம் இடமாகக் கேட்டால் யாரும் "வாயே திறக்காதே" என்று சொல்ல மாட்டார்கள். அவர் பயப்படுவது உங்கள் குரலுக்கு இல்லை, ஓயாத பேச்சுக்கு. சில இளைஞர்கள் ஹெட்செட் கிடைத்ததும் "சூப்பர் சார், நல்ல தீர்ப்பு சார்" என்று தொண்ணூறு நிமிடமும் வர்ணனை செய்கிறார்கள். அவசரமான சொல் வரும்போது அதுவும் வர்ணனையோடு கரைந்துவிடும். அந்தப் பழக்கம் மட்டும் உங்களுக்கு வேண்டாம்.

அப்புறம், கண். காதில் கருவி வந்த பிறகு இளைய உதவி நடுவர்கள் நடுவரின் முகத்தைப் பார்ப்பதே குறைந்துவிட்டது. பந்து வெளியே போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு கணம் அவரைப் பாருங்கள். அவர் தயங்குகிறாரா, உறுதியாக இருக்கிறாரா என்று முகம் சொல்லிவிடும். எப்போது பேச வேண்டும் என்பது அதிலிருந்துதான் தெரியும்.

நடு ஆட்டத்தில் கருவி செத்துவிட்டால்?
– உடற்கல்வி ஆசிரியர்

ஆட்டம் நடக்கும். கை காதைத் தொட்டு இரண்டு தடவை அசைத்தால் "எனக்குக் கேட்கவில்லை" என்று நாங்கள் வைத்திருந்தோம். அதைப் பார்த்ததும் பழைய வழிக்குத் திரும்பிவிடுவோம்: கொடி, கை, கண். மாதத்தில் ஒரு ஆட்டமாவது கருவி இல்லாமல் நடத்தச் சொல்வேன், கை மறந்துபோகாமல் இருக்க.

சத்தமே வராமல் போவதுதான் பெரிய ஆபத்து, ஏனென்றால் மனம் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளும். 2020 ஜூன் 17, ஆஸ்டன் வில்லாவும் ஷெஃபீல்டு யுனைடெட்டும். கோல்கீப்பர் பந்தைப் பிடித்தபடியே கோட்டைத் தாண்டிப் பின்னால் போனார். பந்து கோல் கோட்டைத் தாண்டியதைக் கேமராக்கள் கண்டுபிடித்தால் நடுவரின் கடிகாரம் ஒரு நொடிக்குள் அதிர வேண்டும். அன்று கேமராக்களுக்கு எதுவும் தெரியாதபடி ஆட்டக்காரர்களும் கோல் கம்பமும் மறைத்துவிட்டதாக, அந்தக் கேமரா முறையை நடத்தும் நிறுவனம் பிறகு விளக்கம் சொன்னது. நடுவர் மைக்கேல் ஆலிவர் தன் கடிகாரத்தைச் சுட்டிக்காட்டினார்: எனக்குச் செய்தி வரவில்லை. கடிகாரம் பேசாததால் அது கோல் இல்லை என்றாகிவிட்டது. ஆட்டம் 0-0.

நடுவர் பேசுவதை நாமும் கேட்க முடிந்தால் நன்றாக இருக்குமே?
– ரசிகர்

பாதி வந்துவிட்டது. 2023 பெண்கள் உலகக் கோப்பையில், வீடியோ பார்த்து எடுத்த முடிவை நடுவரே மைக்கில் மைதானம் முழுவதும் கேட்கச் சொன்னார். இப்போது வேறு பல போட்டிகளிலும் அப்படிச் செய்கிறார்கள். மனதார வரவேற்கிறேன். ஆனால் ஆட்டம் ஓடும்போது நான்கு பேரும் பேசுவதை நேரடியாக ஒலிபரப்புவதில் எனக்குச் சம்மதமில்லை. "எனக்குச் சரியாகத் தெரியவில்லை, நீ பார்த்தாயா?" என்று கேட்க ஒரு நடுவருக்கு உரிமை வேண்டும். லட்சம் பேர் கேட்கிறார்கள் என்றால் அந்தக் கேள்வியைக் கேட்கவே தயங்குவார்.

கோட்டுக்குப் பின்னால் நின்று நாங்கள் பேசுவது உதவி நடுவரின் மைக் வழியாக நடுவருக்குக் கேட்குமா?
– எட்டாம் வகுப்பு மாணவன்

கேட்கும் கண்ணா, பக்கத்தில் நின்றால் நன்றாகவே கேட்கும். ஒருமுறை பந்து வெளியே போய், யாரோ எடுத்துவர ஓடியிருந்தார்கள். என் காதுக்குள் ஒரு சின்னக் குரல்: "அண்ணா, இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கு?" உதவி நடுவருக்குப் பின்னால் உன் வயதுப் பையன் ஒருவன், தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தான். நான் மைதானத்தின் நடுவில் இருந்தேன். கடிகாரத்தைப் பார்த்து, "நாலு" என்றேன். உதவி நடுவர் திரும்பவில்லை. கொடி இல்லாத கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் நான்கு விரலை நீட்டினார்.